அம்பாசடர் நீலப் புகை விடுதா? இன்ஜினை இறக்கும் முன் இதைப் பாருங்க!

தாத்தாவின் அம்பாசடரை ஆசையாக ரெடி பண்ணி ரோட்டுக்குக் கொண்டுவந்தாச்சு. ஆனால், சிக்னலில் பின்னால் நிற்பவர் மூக்கைப் பொத்துகிறார். கண்ணாடியில் பார்த்தால் நீலப் புகை! மெக்கானிக்கிடம் போனால், 'இன்ஜினை இறக்கி ரீபோர் பண்ணணும்' என்கிறார். கொஞ்சம் பொறுங்க. ஆயில் எந்த வழியாக எரிகிறது என்று தெரிந்தால், பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

நிறம் என்ன?

கறுப்புப் புகை என்றால், கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகம். இன்ஜின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்கவில்லையா? ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறதா எனப் பாருங்க. நீலம்னா, ஆயில்தான். புகையே இல்லாமல் ஆயில் குறைந்தால், இரவில் காருக்கு அடியில் அட்டை விரித்து வையுங்க, லீக் தெரிந்துவிடும்.

எப்போ புகைகிறது?

* காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து, பிறகு நின்றுவிட்டால், வால்வு சீல் மீது சந்தேகம். இரவில் வடிந்த ஆயில்தான் எரிகிறது.

* இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு, மறுபடி மிதிக்கும்போது வந்தால், வால்வு கைடு தேய்ந்திருக்கலாம்.

* மேடு ஏறும்போது, லோடு இருக்கும்போது விடாமல் வந்தால், பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம்.

அடைத்துக்கொண்ட பிரீதர் பைப்பும் ஆயிலை உள்ளே தள்ளும். செலவே இல்லாத வேலை என்பதால், அதை முதலில் சுத்தம் செய்யுங்க.

கம்ப்ரஷன் டெஸ்ட்

சூடான இன்ஜினில் நான்கு பிளக்குகளையும் கழற்றுங்க. ஆயிலில் நனைந்து கறுப்பாக இருக்கும் பிளக், எந்த சிலிண்டரில் பிரச்னை என்று காட்டிக்கொடுக்கும். இக்னிஷன் இணைப்பைத் துண்டித்து, த்ராட்டிலை முழுசாகத் திறந்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்க. ரீடிங் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் அளக்கணும். ரீடிங் நன்றாக ஏறினால், ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். மெக்கானிக் சொன்னது சரி. ஏறவில்லை என்றால், வால்வு சரியாக மூடவில்லை. நான்கிலும் ரீடிங் நன்றாக இருந்தும் புகைந்தால், சீல், கைடு பக்கம் போங்க. அதற்கு ஹெட் வேலையே போதும், ரீபோர் வேண்டாம்.

அதுவரை, வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பார்த்து ஆயில் ஊற்றுங்க. புகை விடும் அம்பாசடர் ஓடும். ஆயில் வற்றிய அம்பாசடர் நடுரோட்டில் சீஸ் ஆகிடும்!