புள்ளி முன்னே, எழுத்து பின்னே

படவேட்டில் கல்வெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊர் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கி, 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் கைக்குப் போனது. அதன்பின் ஒரு மாகாணமே படைவீட்டு ராஜ்யம் என்று பெயர் பெற்றது. அந்தக் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்க உட்காருகிறவருக்கு முதல் தொல்லை புள்ளி. பெரும்பாலும் அது இருக்காது. உளி பிடித்தவர் மெய்யெழுத்தையும் உயிர்மெய்யையும் ஒரே மாதிரி செதுக்கிவிட்டுப் போய்விடுவார். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஓலையில் எழுதியவர்களும் அப்படித்தான்.

கல்லும் ஓலையும் பொறுத்துக்கொண்டதை இயந்திரம் பொறுக்கவில்லை. தமிழ் விசைப்பலகைக்கும் கணினிக்கும் இடையே நேற்றுவரை நடந்த தகராறுகளில் பலவற்றுக்கு வேர் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா, 1907இல் மலாயாவுக்குப் போய், பிறகு சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியைப் பார்த்துப் பார்த்து, தமிழுக்கும் ஒன்று வேண்டும் என்று வரைபடம் போடத் தொடங்கினார். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடைப்பது எப்படி? உயிர்மெய்களைத் துண்டு துண்டாகப் பிரிப்பதுதான் வழி. கால், கொம்பு, சங்கிலிக்கொம்பு என்று தனித்து நிற்பவை சிக்கல் இல்லை. அடுத்தடுத்து அடித்தால் போதும். தலைமேல் உட்காரும் புள்ளிக்கும் விசிறிக்கும்தான் வேறு உபாயம் தேவைப்பட்டது. முத்தையா கொண்டுவந்தது நகரா விசை. அதை அடித்தால் குறி தாளில் விழும், வண்டி நகராது. அடுத்து எழுத்தை அடித்தால் அதே இடத்தில் விழுந்து, பிறகு வண்டி நகரும். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் அவர் அமைப்பில் பொறிகளைச் செய்து கொடுத்தது. 'பிஜோ' என்ற கையடக்கப் பொறி அவற்றில் பெயர்பெற்றது.

அந்த உபாயத்தின் விளைவைக் கவனிக்க வேண்டும். 'க்' என்று எழுதுகிற கை முதலில் க போட்டுப் பிறகு புள்ளி வைக்கும். தட்டச்சு செய்கிற கையோ முதலில் புள்ளியை அடித்துவிட்டுத்தான் க-வுக்குப் போகும். நகரா விசை எழுத்துக்கு முன்னால் வந்தே ஆக வேண்டும். இயந்திரத்துக்கு வேறு வழி தெரியாது.

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அலுவலகங்களில் தமிழ்ப் பொறிகள் ஏறின. ஊருக்கு ஊர் தட்டச்சுப் பயிலகங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகள். தலைமுறை தலைமுறையாக இளைஞர்களின் விரல்கள் புள்ளியை முன்னால் அடிக்கப் பழகின. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியார் வழி எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணா, றா, னா, லை, னை போன்றவற்றின் பழைய வடிவங்களைக் கைவிட்டபோது விசைப்பலகையின் சுமை கொஞ்சம் குறைந்தது. விரல்களின் வரிசை மட்டும் மாறவில்லை.

பிறகு கணினி வந்தது. அதன் பலகையும் எலியும் மேல்நாட்டிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தவைதான். ஐபிஎம்மின் பழைய விசைப்பலகைக்கு ஐந்து ஊசி வைத்த பெரிய வட்டச் செருகி; 1987இல் பிஎஸ்/2 வந்தபோது ஆறு ஊசிச் சிறிய வட்டம்; ஆப்பிளுக்குத் தனி வழி. பிஎஸ்/2-வில் எலிக்கும் பலகைக்கும் ஒரே அளவுத் துளை என்பதால் மாற்றிச் செருகிவிட்டு விழிப்பவர்கள் ஏராளம். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வகுத்த பிசி 99 வரையறை பலகைக்கு ஊதா, எலிக்குப் பச்சை என்று நிறம் குறித்து அதைத் தீர்த்துவைத்தது. 1996இல் அறிமுகமான யுஎஸ்பி மெல்ல மெல்ல எல்லாச் செருகிகளையும் விழுங்கியது. வங்கிகளிலும் டிடிபி கடைகளிலும் படபடவென்று சத்தம் போட்ட டிவிஎஸ் கோல்டு பலகைகூட பிஎஸ்/2 வாலை விட்டு யுஎஸ்பிக்கு வந்துவிட்டது. செருகிச் சண்டை அத்தோடு முடிந்தது. பலகைக்கு மேலே நடந்த தமிழ்ச் சண்டை அப்போதுதான் சூடுபிடித்திருந்தது.

காரணம் எழுத்துருக்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள் உலகம் முழுக்கச் சிதறியிருந்தார்கள்: கனடாவில் ஸ்ரீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு', சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் 'மயிலை', சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் 'கணியன்'. ஆளுக்கொரு குறியீடு. கணினி தன்னிடம் இருப்பது ஆங்கில எழுத்து என்றே நம்பிக்கொண்டிருக்கும். எழுத்துரு மட்டும் அதற்குத் தமிழ் வேடம் போடும். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவிய 'பாமினி'யை எடுத்துக்கொள்ளலாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பல்லிளிக்கும். அந்த அரைப்புள்ளி விசைதான் புள்ளி. தட்டச்சுப் பொறியிலும் புள்ளி அங்கேதான். ஆனால் பாமினியில் அதை எழுத்துக்குப் பின்னால் அடிக்க வேண்டும். விசை அதே இடம், வரிசை தலைகீழ். பயிலகத்தில் ஹையர் தேறியவர் பாமினியில் உட்கார்ந்தால் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் தடுக்கி விழுந்தார்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் 'வானவில்' புழங்கியது. ஓர் எழுத்துருவில் அடித்த மனுவை அது இல்லாத அலுவலகத்தில் திறந்தால் கட்டங்களும் கோடுகளும்தான். ஆகவே மனுவோடு எழுத்துருவையும் பிளாப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். அல்லது அச்சடித்துக் காகிதமாகவே கொடுத்தார்கள். கணினி வந்த பிறகும் காகிதக் கட்டு குறையாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்வது மிகையாகாது.

1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியபோதே தரப்படுத்த வேண்டும் என்ற குரல் எழுந்துவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடும், அதையொட்டி வந்த அரசாணையும் டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளையும் 'தமிழ் 99' விசைப்பலகையையும் தந்தன. எலிக்குப் பச்சை ஒதுக்கிய அதே 99.

தமிழ் 99ஐ வகுத்தவர்கள் தமிழ் இலக்கணத்தைப் பலகையின்மேல் விரித்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம்: 31 விசை போதும். க அடித்து இ அடித்தால் கி. அடுத்தடுத்து இரண்டு க அடித்தால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழும். ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. கல்வெட்டுக்காரர் விட்ட புள்ளியைப் படிக்கிறவர் இடம் பார்த்து வைத்துக்கொண்ட அந்தப் பழைய வேலையை இங்கே மென்பொருள் செய்கிறது. கற்கச் சுலபம், விரலுக்கும் வேலை குறைவு. இவ்வளவு நல்ல பலகையைப் பழைய தட்டச்சர்கள் சீந்தவில்லை. அதில் வியப்பும் இல்லை. அரசு வேலைக்கான சான்றிதழ் பழைய வரிசையில் அடித்தால்தான் கிடைக்கும் என்றிருக்கும்போது, புதியதைக் கற்க யாருக்கு என்ன அவசரம்?

எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறியீடாக வந்த யூனிகோடு இன்னொரு முடிச்சைப் போட்டது. 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரமான இஸ்கியைப் பின்பற்றி, எல்லா இந்திய மொழிகளுக்கும் போலத் தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 'கெ' என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. யூனிகோடு முதலில் வைப்பது க. தட்டச்சர் கொம்பை முதலில் அடிப்பார். அடித்ததைப் பிடித்து நிறுத்தி, க வரும்வரை காத்திருந்து, வரிசை மாற்றிச் சேமிக்க நடுவில் ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர், அழகி போன்றவை தமிழைத் தட்டச்ச உதவின. ஜெர்மனியிலிருந்து சுரதா தந்த பொங்குதமிழ் பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியீட்டையும் தரமாக்கி அரசாணை வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சிய ஒரு முள் உண்டு. தட்டச்சுப் பொறியில் ஔகாரத்தின் வால் ள-வேதான். கொம்பு, எழுத்து, ள என்று அடித்தால் கௌ. தாளில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. யூனிகோடில் கௌ வேறு, கெள வேறு. பழைய வரிசைக்காரர் அடித்த 'கெளரி' திரையில் கௌரி போலவே தெரிவாள். தேடினால் அகப்பட மாட்டாள். பட்டாவில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று என்று இப்படிப் பெயர் பதிவானால், படவேட்டிலிருந்து போளூர் தாலுகா அலுவலகம் போகிற கௌரியம்மாளுக்குத் தன் பெயர் இரண்டாகப் பிளந்தது எங்கே என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. எழுத்தைக் கூட்டிப் படிக்கும் மனிதர் இரண்டும் ஒன்றுதான் என்பார், கணினி ஒப்புக்கொள்ளாது.

இந்தியாவில் தட்டச்சுப் பொறி செய்துவந்த கோத்ரெஜ் 2009இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதற்குப் பின்னும் பயிலகங்கள் பழைய பொறிகளுக்கு நாடா மாற்றி, எண்ணெய் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தன. அரசுத் தட்டச்சர் வேலைக்குப் போகிறவர் தமிழ், ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வுகளோடு, அலுவலகத் தானியங்கிமயம் என்ற கணினிச் சான்றிதழும் பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. முதல் தேர்வுக்குப் பழகிய கை புள்ளியை முன்னால் அடிக்கும். வேலையில் சேர்ந்த பிறகு எதிரே இருக்கும் கணினியில் எந்த விசைமுகம் நிறுவியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த விரலை வைக்க முடியும்.