அப்பாவின் அம்பாசிடர் ஊர் வந்த வழி



தை மாதம் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வெள்ளை அம்பாசிடர் காரின் படத்தைப் போட்டிருந்தேன். "டீச்சர், இது யார் கார்?" என்று சிலர் கேட்டீர்கள். "லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கலாமே, நாக்பூரிலிருந்து எதற்கு ஓட்டி வந்தீர்கள்?" என்று பலர் கேட்டீர்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. என் அப்பாவின் கார் ஏன் நாக்பூரில் இருந்தது என்று சொல்ல வேண்டுமானால், நாமக்கல்லில் ஏன் இத்தனை லாரிகள் வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

1860களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட ரயில் பாதை சேலம், சங்ககிரி, ஈரோடு வழியாகப் போனது. நாமக்கல் அதில் விடுபட்டது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 2013இல்தான். 150 ஆண்டுகள் ரயில் இல்லாத ஊருக்குச் சரக்கு வரவும் போகவும் என்ன வழி? முதலில் மாட்டு வண்டி, பிறகு லாரி. காவிரிக் கரையான மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் தவிர மற்ற இடமெல்லாம் மானாவாரிக் காடு. மழை பொய்த்தால் வெள்ளாமை இல்லை. காட்டை விற்று அல்லது அடமானம் வைத்து, நாலு பங்காளிகள் சேர்ந்து ஒரு லாரி வாங்குவது எங்கள் பக்கத்தில் துணிச்சலான செயலாகப் பார்க்கப்படவில்லை. பிழைக்க வேறு வழி இல்லை என்பதால் செய்தார்கள்.

அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து முழு லாரி வராது. எஞ்சினும் சக்கரமும் சேசிஸும்தான் வரும். ஓட்டுநர் வெயிலில் காய்ந்தபடி, வெறும் பலகையில் உட்கார்ந்து அதை ஓட்டி வருவார். கேபினும் தொட்டியும் கட்டுவது நம் ஊர் ஆசாரிகளின் வேலை. வண்டிச் சக்கரம் செய்த கைகள் லாரி பாடி கட்டின. தச்சர், கொல்லர், வெல்டர், பெயிண்டர் என்று ஒரு பட்டாளமே உருவானது. இன்று பல மாநிலங்களிலிருந்து பாடி கட்ட நாமக்கல்லுக்கு வருகிறார்கள். முட்டைக்கு நாமக்கல், ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரிக்குச் சங்ககிரி என்று பெயர் வந்ததற்கெல்லாம் பின்னால் இருப்பது அந்த வறண்ட மண்தான்.

அடுத்து பெர்மிட். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு மாநிலத்து லாரி அடுத்த மாநிலத்துக்குள் எளிதில் போக முடியாது. ஒவ்வொரு எல்லைக்கும் தனி அனுமதி வேண்டும். 1970களின் நடுவில் நேஷனல் பெர்மிட் திட்டம் வந்த பிறகுதான் நம் லாரிகளுக்கு வடக்கே கதவு திறந்தது. லாரி தூரம் போகப் போக, அங்கே நம் ஆள் ஒருவர் தேவைப்பட்டார். திரும்பி வரும்போது காலி வண்டி ஓட்டினால் நஷ்டம். 'ரிட்டர்ன் லோடு' பிடித்துக் கொடுக்கவும், வழியில் பழுதான வண்டிக்கு ஸ்பேர் அனுப்பவும், ஓட்டுநருக்கு அவசரத்துக்குப் பணம் கொடுக்கவும் ஆள் வேண்டும். அப்படி 1977இல் நாக்பூருக்குப் போனவர் என் அப்பா.

நாக்பூர் ஏன் என்றால், நாட்டின் நடுவில் இருக்கிறது. நான்கு குதிரைச் சிலைகளோடு 'ஜீரோ மைல்' கல் அங்கேதான் நிற்கிறது. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரும் பழைய 7ஆம் எண் நெடுஞ்சாலையும், கொல்கத்தா போகும் பழைய 6ஆம் எண் நெடுஞ்சாலையும் அங்கே சந்தித்தன. சேலத்து ஜவ்வரிசி மேலே போகும். அங்கே அதற்குப் பெயர் சாபுதானா. விரத நாளில் அதில் கிச்சடி செய்து சாப்பிடுகிறார்கள். ஆரஞ்சும் பருத்தியும் கீழே வரும். 1943இல், போர்க்காலத்தில், சேலத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் மராட்டிய வீடுகளின் விரதச் சமையலோடு இப்படித்தான் இணைந்தது. அந்த இணைப்பு நம் ஊர் லாரிகள் போட்டது.

அம்மாவும் நானும் இங்கேயே இருந்தோம். தம்பி பெரியவனானதும் அப்பாவோடு போய்விட்டான். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்தேன். தீபாவளிக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் அப்பா வருவார். 1986 வரை லாரியில் வந்தார். அதன் பிறகு சொந்தக் காரில் வந்தார்.

அந்தக் காரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அம்பாசிடர் என்றால் சினிமாவில் வரும் மந்திரி வண்டி. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் தொடங்கிய நிறுவனம். கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தொழிற்சாலை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தை எடுத்து 1957இல் அம்பாசிடர் என்று வெளியிட்டார்கள். அப்போது நாட்டில் பெரிதாகக் கார் செய்தவர்கள் மூன்றே பேர்: உத்தர்பாராவில் இவர்கள், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர், சென்னையில் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு. எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசு உரிமம் தீர்மானித்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. 1986இல் அப்பா நினைத்திருந்தால் அதை வாங்கியிருக்கலாம். டீசல் அம்பாசிடர்தான் வேண்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணங்கள் லாரிக்காரருக்கே உரியவை. லாரி மெக்கானிக் யாரானாலும் இதைத் திறந்து பார்த்துச் சரி செய்வார். டிக்கியில் லாரியின் கியர் பாக்ஸ் சாமான்களையே போட்டுக்கொண்டு போகலாம். முன் சீட்டு ஒரே பலகை மாதிரி நீளமாக இருப்பதால் மூன்று பேர் உட்காரலாம். களைத்த ஓட்டுநர் காலை மடக்கிப் படுக்கலாம். 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்ற செய்தி வந்தபோது அப்பா, "நம்ம வண்டி இன்னும் ஓடுது" என்று மட்டும் சொன்னார்.

கடந்த கார்த்திகையில் அப்பா தன் 89ஆம் வயதில் நாக்பூரில் காலமானார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு கார் பேச்சு வந்தது. தம்பி சொன்னான்: "அக்கா, பழைய இரும்பு விலைக்குத்தான் கேக்கறாங்க. குடுத்தறலாமுங்களா? புதுப்பிக்கவே எத்தனை செலவு பாருங்க." அவன் கணக்கு சரிதான். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ஆனது. புகைச் சோதனை, தகுதிச் சோதனை எல்லாம் தனி. 50 ஆண்டு ஆகியிருந்தால் 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு கிடைக்கும். அதற்கு இன்னும் பத்து ஆண்டு இருக்கிறது. பழைய பொருள் என்ற மதிப்புக்கு இளசு, ஓடும் வண்டி என்ற மதிப்புக்குக் கிழடு.

அப்போது எனக்கு லால் பகதூர் சாஸ்திரியின் ஃபியட் கார் நினைவுக்கு வந்தது. பிரதமராக இருந்தபோது 12,000 ரூபாய்க் காருக்கு வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் இறந்தபோது கடன் மீதம் இருந்தது. அவர் மனைவி லலிதா அம்மையார் தம் ஓய்வூதியத்திலிருந்து அதை அடைத்தார். அந்தக் கார் இன்றும் தில்லியில் அவருடைய நினைவிடத்தில் நிற்கிறது. அதைப் பார்ப்பவர்களுக்கு அவர் நேர்மையைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. தலைவர் கார் என்பதால் அதை வைத்தார்கள். லாரி ஆபீஸ்காரர் காரை யார் வைப்பார்கள்? பிள்ளைகள்தான் வைக்க வேண்டும்.

"ஊருக்கு ஓட்டிட்டுப் போலாம்" என்றேன். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாலு நாள் ஆகுமுங்கக்கா, உங்களால உக்கார முடியுமா?" என்றான். அம்மா 40 வருடம் வாசலில் நின்று எதிர்பார்த்த பாதையை நான் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. லாரியில் ஏற்றி அனுப்பாததற்குக் காரணம் இதுவே.

தம்பி ஓட்டினான். மணிக்கு 50, 60க்கு மேல் போகவில்லை. முதல் நாள் பென்கங்கா ஆற்றைத் தாண்டித் தெலங்கானாவுக்குள் நுழைந்து, அடிலாபாத் வழியாக நிர்மல். இரண்டாம் நாள் காலையில் கோதாவரி, மாலையில் பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா, இருட்டும் நேரம் கர்நூலில் துங்கபத்ரா. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வரைபடத்தில் நீலக் கோடாகக் காட்டிய ஆறுகள். ஒரே நாளில் மூன்றையும் பாலத்தின் மேல் கடந்தபோது மனசு என்னவோ செய்தது. இந்த ஆறுகளை அப்பா எத்தனை முறை கடந்திருப்பார்!

மூன்றாம் நாள் குத்தி தாண்டி ஃபேன் பெல்ட் அறுந்தது. மாற்று பெல்ட் டிக்கியில் அப்பா வைத்தபடியே இருந்தது. தம்பி மாட்டிக்கொண்டிருக்கும்போது 'டி.என். 34' எண் போட்ட ரிக் லாரி ஒன்று ஓரம் கட்டியது. இறங்கிய பையனுக்கு 25 வயது இருக்கும். "ஏனுங்க, நம்மூருங்களா?" என்றான். மராட்டிய எண் போட்ட காரைப் பார்த்து எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். பின் கண்ணாடியில் அப்பா ஒட்டியிருந்த நாமக்கல் ஆஞ்சநேயர் படத்தைக் காட்டினான். பெல்ட் மாட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்று இரவு ஓசூர். மறுநாள் தொப்பூர் கணவாயில் இரண்டாவது கியரிலேயே மெதுவாக இறங்கி, சேலம் தொட்டு, மதியம் ஊர் வந்து சேர்ந்தோம்.

உலகின் முதல் நீண்ட கார் பயணமும் பிறந்த வீட்டுக்குத்தான் என்று படித்திருக்கிறேன். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் பெர்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போனார். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திவிட்டார். தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். கார் ஒரு விளையாட்டுச் சாமானல்ல, அதை நம்பிப் பயணம் போகலாம் என்று அந்தப் பயணம்தான் ஊருக்குக் காட்டியது.

இனி நான் இதையெல்லாம் எழுதியதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

காரின் டேஷ்போர்டு அறையில் ஒரு பழைய பை இருந்தது. உள்ளே ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் தாள்கள், செக்போஸ்ட் சீட்டுகள், அப்பா கைப்பட எழுதிய ஒரு நோட்டு. எந்த ஊரில் நல்ல தண்ணீர் கிடைக்கும், எந்த பங்கில் கடனுக்கு டீசல் போடுவார்கள், எந்த ஓட்டுநருக்கு எப்போது எவ்வளவு கொடுத்தார், எந்த ஓட்டுநரின் மகளுக்குக் கல்யாணம், எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் ஒரே வரி: "லோடு இல்லாட்டியும் தீபாவளிக்கு ஊர்." அதைப் படித்த பிறகு தம்பி விற்கும் பேச்சை எடுக்கவில்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் இருந்த வரிச் செக்போஸ்ட்கள் போய்விட்டன. 7ஆம் எண் சாலை 44 ஆகிவிட்டது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக் ஒட்டிய காருக்குச் சீட்டும் தருவதில்லை. அப்பா தலைமுறை வடக்கே போய்ப் பிழைத்த வரலாறு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நான் நடத்திய சமூக அறிவியல் பாடத்திலும் இல்லை. அது இந்த மாதிரிப் பைகளில்தான் இருக்கிறது. வண்டியை விற்கும்போது பையும் சேர்ந்து போய்விடுகிறது.

என் மாணவர்களில் லாரி, ரிக், டேங்கர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். உங்களுக்கும் இந்த நிலை வரும். எல்லோரும் வண்டியை வைத்துக்கொள்ள முடியாது. இடமும் பணமும் வேண்டும். விற்பதானால் முதலில் அந்தப் பையை எடுத்து வையுங்கள். ஆர்.சி. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். அப்பா இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஆண்டு, எந்த ஊர், யாரோடு போனார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்வதானால் சட்டப்படி செய்யுங்கள். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தால், வாரிசு மூன்று மாதம் வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தயாராக இருக்கட்டும். வேறு மாநில வண்டியானால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது எண் எடுத்தாக வேண்டும். எங்கள் கார் மனுவும் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. 'டி.என். 28' கிடைத்ததும் படம் போடுகிறேன்.

நாக்பூர், இந்தூர், ராய்ப்பூர்ப் பக்கம் 1970, 80களில் போன நம் ஊர்க்காரர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், அவர்கள் பெயரையும் போன ஆண்டையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அப்பாவின் நோட்டில் உள்ள பெயர்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்