ஒப்புக்கொண்டவன் சொல்

சில ஆண்டுகளுக்கு முன், நோர்வூட்டில் நம் மாணவன் ஒருவனின் தந்தை நம்மைத் தேடி வந்தார். தோட்டத்து மரத்தை வெட்டினார் என்று அவர்மேல் வழக்கு. விழுந்து கிடந்த மரத்தைக் கணக்கப்பிள்ளையின் அனுமதியோடு விறகுக்கு எடுத்தவர் அவர். சட்டத்தரணியோ அதைக் கேட்கவே இல்லை. “ஒப்புக்கொள், அபராதத்தோடு போய்விடும்” என்றார். ஒப்புக்கொண்டார். அபராதம் போயிற்று, பின்னால் வேலையும் போயிற்று. “இனி இதை மாற்ற ஏலாதா, சேர்?” என்றார்.

மலையகத்தில் இக்கேள்வி மிகப் பழையது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குவது சிறைக்குரிய குற்றம். மூன்று மாதம் வரை உள்ளே கிடக்கலாம். ஆனால் அதே சட்டத்துள் ஒரு கதவும் இருந்தது. கூலி ஒரு மாதத்துக்கு மேல் நிலுவையாகி, கேட்டும் கொடுபடாதிருந்தால், விலகிச் சென்றவனைத் தண்டிக்கலாகாது. கூலி நிலுவையில் கிடப்பதோ அந்நாளில் தோட்டங்களின் வழக்கம்! எனினும், எழுத்தறியாத தொழிலாளிக்கு அப்பிரிவை எடுத்துரைப்பார் யார்? “தோட்டத்தை விட்டுப் போனாயா?” என்று கேட்டால், “போனேன்” என்பான். அவன் கூறியது உண்மை. நீதிமன்றம் எழுதிக்கொண்டதோ குற்றம். அத்தண்டனைப் பிரிவுகள் 1920களின் தொடக்கத்திலேயே ஒழிந்தன. அதற்காகக் குரல் கொடுத்தவர்களுள் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர்.

நல்ல வழக்கறிஞரால் என்ன ஆகும் என்பதையும் மலையகம் கண்டதுண்டு. மடுல்கலையில் துரைவேலை பழக வந்து, தொழிலாளர் பக்கம் நின்ற பிரேஸ்கேர்டிலை 1937இல் ஆளுநர் நாடுகடத்த ஆணையிட்டார். எச். வி. பெரேரா வாதாடினார். அவசர நிலைக்கென அளிக்கப்பட்ட அதிகாரத்தை அமைதிக் காலத்தில் செலுத்த முடியாதென்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெள்ளையர் ஒருவருக்குக் கிடைத்த அந்த வாதத்திறன், லயத்துக் கூலிக்கு எந்நாளில் கிடைத்தது?

இன்றைய நிலை என்ன? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் ஒரு விதி வகுத்தது: வழக்கறிஞரின் தவறான ஆலோசனை இல்லாவிடில் தான் ஒப்புக்கொள்ளாது விசாரணையையே நாடியிருப்பேன் என்று காட்டுபவன், தன் ஒப்புதலை விலக்கக் கோரலாம். இங்கோ, நீதவான் முன் நிபந்தனையின்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு மேன்முறையீட்டு வாசல் பெரும்பாலும் அடைபட்டுவிடும். எஞ்சுவது மாகாண மேல் நீதிமன்றத்துக்கான மீளாய்வு மனு; அதற்கும் விசேட காரணம் காட்டவேண்டும். சட்டத்தரணி கைவிட்டார் என்று புலம்பினால் போதாது. என்ன சொல்லியிருக்க முடியும், அது ஏன் சொல்லப்படவில்லை என்பதைச் சத்தியக் கடதாசியில் நிறுவவேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு; தோட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஆனால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் ஒன்றை வற்புறுத்துகிறது. ஒப்புதல், எதிரி கூறிய சொற்களிலேயே இயன்றவரை பதியப்படவேண்டும். அதை நம்பியே வழக்கேட்டின் அத்தாட்சிப் பிரதிக்கு விண்ணப்பித்தோம். பிரதி வந்தது. ஒப்புதல் என்ற இடத்தில் சிங்களத்தில் ஒரே ஒரு சொல். அந்தத் தந்தை அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதில் நான் என்ன சொன்னதாக எழுதியிருக்கு?” என்று நம்மைக் கேட்டார்.