பள்ளிக்கூட வாசலில் வேக அபராதம்: ஒரு பழைய சட்டத்தின் கதை



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார். "சார், ஸ்கூல் பக்கத்துல வேகமா போனேன்னு ஃபைன் போட்டுட்டாங்க. அங்க போர்டே இல்ல. கட்டிடவா, கோர்ட்டுக்குப் போகவா?" வகுப்பில் ஒரு நாளும் கை தூக்காத ஆள். இப்போது கேட்டது நல்ல கேள்வி. பதில் சொல்ல 1896 வரை போக வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வால்டர் ஆர்னால்டு என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் கார் ஓட்டிப் போனார். ஊருக்குள் அன்றைய வரம்பு 2 மைல். நாம் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. காருக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும் என்றும் சட்டம் இருந்தது. போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளிலேயே விரட்டிப் போய் அவரைப் பிடித்தார். வேகத்துக்கு அபராதம் 1 ஷில்லிங். வேகமாகக் கார் ஓட்டித் தண்டனை பெற்ற முதல் ஆள் என்று இவரைத்தான் சொல்வார்கள்.

கார்கள் பெருகப் பெருக, கண்ணால் பார்த்துச் சொல்லும் வேகத்தை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி எழுந்தது. 1903இல் அங்கே வந்த மோட்டார் கார் சட்டம் வரம்பை 20 மைலாக உயர்த்தியது. கூடவே இரண்டு பாதுகாப்புகளையும் வைத்தது. ஒரே ஒரு சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது. வழக்குப் போடப்போவதை அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும், இல்லையென்றால் குறித்த நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இதன்பின் போலீசார் வேலிப் புதருக்குள் ஸ்டாப் வாட்சோடு உட்கார ஆரம்பித்தார்கள். அவர்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கவே கார்க்காரர்கள் 1905இல் ஒரு சங்கம் வைத்தார்கள். சங்கத்தின் ஆட்கள் உறுப்பினரின் காரைக் கண்டால் சல்யூட் அடிப்பார்கள். அடிக்கவில்லை என்றால் முன்னால் போலீஸ் இருக்கிறது என்று பொருள். சல்யூட் அடிக்காததற்காக யார் மேல் வழக்குப் போட முடியும்? நம் ஊரில் எதிரே வரும் வண்டிக்காரர் ஹெட்லைட்டை மினுக்கிக் காட்டுகிறாரே, அதற்கு இது மூத்த அண்ணன்.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. அந்தப் பாதுகாப்புகள் கடல் கடந்து நம் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டன. இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது, அடுத்தது 1939இல், இப்போது நடப்பில் இருப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 183ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு சாட்சி "வேகமாக வந்ததாக எனக்குத் தோன்றியது" என்று சொன்னால் மட்டும் போதாது, கருவியால் அளந்திருக்க வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்தில் மின்னணுக் கருவியையும் சேர்த்துக்கொண்டார்கள். 209ஆம் பிரிவின்படி வேக வழக்கில் அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், அல்லது 28 நாளுக்குள் சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். கேமரா வைத்துப் பிடித்தால், அங்கே கேமரா இருக்கிறது என்று பலகை வைக்க வேண்டும் என்று 2021இல் தனி விதியே வந்துவிட்டது.

நம் மாணவரின் கேள்விக்கு நேரான பதில் 112ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட சாலையில் வேகத்தைக் குறைத்து நிர்ணயிக்க வேண்டுமானால் அரசு இரண்டு காரியம் செய்ய வேண்டும். அரசிதழில் அறிவிப்பு, சாலையில் பலகை. ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகத் தடைக்கு மட்டும் அரசிதழ் வேண்டியதில்லை. ஆகவே பலகை எங்கே, அறிவிப்பு எங்கே என்று மாஜிஸ்திரேட் முன் கேட்பது குறுக்குவழி ஆகாது, சட்டமே கொடுத்த கேள்வி அது. அதற்காகப் பலகை இல்லாத இடத்தில் பறக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பொதுவான வரம்பு எப்போதும் உண்டு, ஆபத்தாக ஓட்டினால் 184ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

அந்தப் பொது வரம்பு எவ்வளவு தெரியுமா? 2018 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்தபடி நகராட்சி எல்லைக்குள் காருக்கு உச்சம் 70 கிலோமீட்டர், இரு சக்கர வாகனத்துக்கு 60. மாநில அரசு இதைக் குறைக்கலாம். யாரும் குறைக்கவில்லை, பலகையும் வைக்கவில்லை என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் வாசலுக்கும் அந்த 70தான். எனக்கு இதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அபராதம் சரியா தப்பா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

நம் பள்ளத்தாக்கைச் சொல்ல வேண்டுமா? திண்டுக்கல்–குமுளி சாலை தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டே போகிறது. ஏலத்தோட்டத்துக்குக் கூலிப்பெண்களை ஏற்றிப்போன ஜீப்புகள் மலையிலிருந்து இறங்குவதும் பள்ளி விடுவதும் ஏறக்குறைய ஒரே பொழுது. கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வேறு, அதுதான் நமக்கு அரையாண்டுத் தேர்வுக் காலம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஜீப் மோதிக் கால் முறிந்து ஒரு வருடம் பள்ளிக்கே வரவில்லை. அதற்கு முன்பும் பின்பும் பலகை கேட்டு நாங்கள் மனு எழுதினோம். ஒரு வழியாகப் பலகை வந்தது. வந்த மாதமே அதன்மேல் காதணி விழா போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.

பலகையில் உள்ள படத்துக்கும் ஒரு கதை உண்டு. 1930களில் இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் என்பதற்கு எரியும் தீப்பந்தத்தை வரைந்தார்கள், அறிவுச்சுடராம்! பிறகு ஒரு பையன் சிறுமியைக் கூட்டிப்போகிற படம் வந்தது. 1960களில் மார்கரெட் கால்வெர்ட் என்ற பெண் அதை மாற்றி வரைந்தார். ஒரு சிறுமி, தன்னைவிடச் சின்னப் பையனின் கையைப் பிடித்து அழைத்துப்போகிறாள். அந்தச் சிறுமிக்குத் தன் சொந்தச் சிறுவயதுப் புகைப்படத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டார். தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்த அக்காமார் எத்தனை பேர் என் வகுப்பில் இருந்தீர்கள்!

சரி, காரியத்துக்கு வருகிறேன். அபராதத்தைக் கட்டிவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும். வழக்காடுவதாக இருந்தால் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அன்றைக்கே அந்த இடத்தை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். வேகத்தை எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று கேளுங்கள். அரசிதழ் அறிவிப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். 18 நிரம்பாத மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு என்னிடம் யோசனை கேட்டு வராதீர்கள். அதற்கு 199ஏ பிரிவில் பெற்றவருக்கே 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

இன்னொன்று. வழக்கில் ஜெயித்தாலும் தோற்றாலும் எடுத்த படத்தை எனக்கு அனுப்புங்கள், ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் எழுதி. வழக்கு இல்லாதவர்களும் உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி வாசலைப் படம் எடுத்து அனுப்பலாம். பலகை இல்லாத வாசல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே மனுவாக நான் எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போட மட்டும் நேரில் வாருங்கள்.