பல்லக்கு, குடை, பகல் விளக்கு

வெளிநாட்டுக் கடைத்தெருக்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், கேடயம், சிங்கம் எல்லாம் போட்டு 'உங்கள் குலச்சின்னம்' என்று அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். "நமக்கு ஏன் இது இல்லை?" என்று நம்ம பிள்ளைகள் கேட்பதும் இயல்புதான்.

முதலில் ஒரு விஷயம். இங்கிலாந்துச் சட்டப்படி குலச்சின்னம் குடும்பப் பெயருக்குச் சொந்தமில்லை. ஒரு தனிமனிதருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் மட்டும்தான். அதை வழங்குவது 1484-ல் தொடங்கிய லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். கட்டணம் ஆயிரக்கணக்கான பவுண்டு. கடையில் விற்பது வெறும் படம் :-)

சரி, நம்ம பக்கம் என்ன வழக்கம்? மட்டாஞ்சேரிக்குப் போவோம். அங்கே 1568-ல் கட்டிய பரதேசி யூத ஜெபாலயத்தில் காலங்காலமாகக் காத்துவந்த செப்பேடு ஒன்று உண்டு. கி.பி. 1000 வாக்கில் சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. வாசித்துக் காட்டினால் நமக்கே பல சொற்கள் புரியும். மொத்தம் 72 உரிமைகள். பல்லக்கு, குடை, பகல் விளக்கு, நடைபாவாடை, பறை, காகளம், தோரணம் எல்லாம் அதில் வருகின்றன.

பட்டப்பகலில் எதற்கு விளக்கு? வெளிச்சத்துக்கு இல்லை, மரியாதைக்கு. ஐரோப்பியர் கேடயத்தில் வரைந்ததை நம்மவர்கள் தெருவில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு வெள்ளைக்காரர் காலம். 1877 தில்லி தர்பாரில் வைஸ்ராய் லிட்டன் பிரபு சமஸ்தான மன்னர்களுக்கு ஐரோப்பிய பாணிச் சின்னம் பொறித்த பட்டுக்கொடிகளைக் கொடுத்தார். சின்னங்களை வரைந்தவர் ராபர்ட் டெய்லர் என்ற வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி. கொச்சி அரசின் சின்னத்தைப் பாருங்கள்: பல்லக்கு, குடை, விளக்கு, சங்கு. நான்கில் மூன்று அந்தச் செப்பேட்டிலேயே இருக்கின்றன! 1892-ல் கொச்சி வெளியிட்ட முதல் அஞ்சல் தலைகளின் தாளில்கூட நீர்க்குறி குடைதான்.

பெருமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒருவருக்கு உரிமை என்று எழுதிக் கொடுக்கிறார்கள் என்றால், மற்றவர்களுக்கு அது இல்லை என்றுதானே பொருள்! கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்றில் அரசன் கம்மாளர்களுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், செருப்புப் போடவும், வீட்டுக்குச் சாந்து பூசவும் அனுமதி தருகிறான். செருப்புக்கு அரசாணை! அதுவும் கிடைக்காதவர்கள் எத்தனை பேரோ. நம்மில் பலருடைய முன்னோர்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருந்திருப்பார்கள்.

வீட்டுக்கு ஒரு சின்னம் வரைய ஆசைப்பட்டால் தாராளமாக வரையுங்கள். சிங்கத்தைக் கடன் வாங்க வேண்டாம், குடையே போதும். அந்தக் குடையை ஒரு காலத்தில் யார் பிடிக்கலாம், யார் பிடிக்கக்கூடாது என்று இருந்ததையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.