மூன்று கண்கள் கடந்து வந்த கடிதம்



மகன் எழுதும் கடிதத்தைத் தாய் மட்டுமே அறிவாள் என்று நாம் எண்ணுகிறோம். முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. ஒருவர் எழுதிக் கொடுத்தார். தணிக்கை அலுவலர் படித்தார். ஊரில் மற்றொருவர் படித்துக் காட்டினார். இம்மூவரையும் கடந்தே அந்தச் சொற்கள் தாயின் செவியை அடைந்தன.

1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படையினர் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கினர். பஞ்சாப், எல்லைப்புற முஸ்லிம்கள், சீக்கியர், கூர்க்காக்கள், கார்வாலிகள் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். சில வாரங்களிலேயே பதுங்குகுழிகளின் சேற்றிலும் குளிரிலும் பலர் மடிந்தனர். அவர்களது மனநிலையை அறிய விரும்பிய ஆங்கில அரசு, ஈவலின் ஹோவல் என்ற அதிகாரியின் பொறுப்பில் தணிக்கை அலுவலகம் ஒன்றை அமைத்தது. உருது, குர்முகி, இந்தி மடல்களின் பகுதிகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அறிக்கைகளாகத் தொகுக்கப்பட்டன. மூல மடல்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. வேவு பார்ப்பதற்காக எடுக்கப்பட்ட அந்தப் பிரதிகளே லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் எஞ்சியுள்ளன.

தம் மடல் பிறரால் படிக்கப்படுகிறது என்பதைச் சிப்பாய்கள் அறிந்தே இருந்தனர். ஆகவே, கறுப்பு மிளகு என்றால் இந்தியர், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளையர் எனக் குறிப்புமொழியில் எழுதினர். கறுப்பு மிளகு தீர்ந்து வருகிறது என்ற செய்தி, உறவினர் எவரும் படையில் சேர வேண்டாம் என்னும் எச்சரிக்கையாகும். போரைக் கர்பலாவுடன் ஒப்பிட்டோர் உண்டு. பிரெஞ்சுப் பெண்களின் கல்வியைக் கண்டு, நம் பெண்பிள்ளைகளையும் படிக்க வையுங்கள் என்று ஊருக்கு எழுதியோரும் உண்டு.

1914 நவம்பரில் உஸ்மானியப் பேரரசு ஜிஹாத் அறிவித்ததும், முஸ்லிம் சிப்பாயின் ஈமானே இரு தரப்புக்கும் போர்க்கருவியானது. பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் என்னுமிடத்தில் ஜெர்மானியர் 'பிறை முகாம்' அமைத்தனர். 1915 ஜூலையில், ரமழான் தொடக்கத்தில், அங்கே மரத்தாலான பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பட்டது. கைதிகளைத் தம் பக்கம் ஈர்ப்பதே அதன் நோக்கம். ஆங்கிலேயரோ பிரைட்டன் மருத்துவமனையில் தனிச் சமையற்கூடங்கள் வைத்தனர். வோக்கிங் பள்ளிவாசலுக்கு அருகில் முஸ்லிம் வீரர்களுக்கென மையவாடி அமைத்தனர். தொழ இடமும் கண்ணியமான அடக்கமும் நல்லவையே. ஆனால் அவற்றை அளித்த கைகள் அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடியா அளித்தன?

முகாமிலிருந்து வந்த மடலின் நிலை இன்னும் இக்கட்டானது. சிறைப்பிடித்தவனும் படிப்பான், சொந்தப் படையும் படிக்கும். நலமாக இருக்கிறேன் என்று ஒரு கைதி எழுதினால், அது உண்மையா, தாய்க்கான ஆறுதலா, அச்சமா? நம்மால் பிரித்தறிய இயலாது. எனவே அவர்களை அரச விசுவாசிகள் என்றோ துரோகிகள் என்றோ எளிதில் தீர்ப்பளிப்பது நீதியாகாது. உள்ளங்களில் உள்ளதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே.

கைதிக்கு உணவளிப்போரைத் திருக்குர்ஆன் புகழ்கிறது. பிரதியுபகாரமோ நன்றியோ எதிர்பாராமல் அளிப்பதே அங்கே சிறப்பு. ஆதாயம் கருதி அளிக்கப்படும் உபகாரத்தை அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். இரு பேரரசுகளின் தாராளமும் எத்தகையது என்பது விளங்கும்.

வூன்ஸ்டார்ஃபுக்கு அருகே, செஹ்ரென்ஸ்டார்ஃப் மயானத்தில் 206 இந்திய வீரர்கள் அடக்கமாகியுள்ளனர். பள்ளிவாசல் 1920களிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. அவர்களுக்காக ஊரில் காத்திருந்த தாய்மாரும் இன்றில்லை. பிறர் மடலைப் படிக்கும் நாம் நான்காவது வாசகர்கள். அதை அமானிதமாகக் கருதிப் படிப்போம். அந்நிய மண்ணில் மரணித்த முஸ்லிம்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களது கப்ருகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.