பட்டியலில் இல்லாத பெயர்

நாமக்கல் பக்கத்துச் செம்மண்ணில் சடுகுடு பார்த்து வளர்ந்தவன் நான். புல்தரை டென்னிஸைப் பத்திரிகையில்தான் அறிந்தேன். 1877-இல் 22 பேருடன் தொடங்கியது விம்பிள்டன் பந்தயம். 1954-இல் நம் ராமநாதன் கிருஷ்ணன் அங்கே ஜூனியர் பட்டம் வென்றார். ஆசியர் எவரும் அதற்குமுன் பெறாத பட்டம் அது. இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர், 1958-இல் பெரியவர்களுக்கான பட்டத்தையே வென்றுவிட்டார்! 1960-இல் அரை இறுதியில் கிருஷ்ணனை வென்ற நீல் ஃப்ரேசரும், மறு ஆண்டு அதே கட்டத்தில் வென்ற ராட் லேவரும் அவ்வவ்வாண்டின் சாம்பியன்கள். அந்தப் பட்டியலில் கிருஷ்ணன் பெயர் மட்டும் இல்லை. 1979-இல் அவர் மகன் ரமேஷ் அதே ஜூனியர் பட்டத்தைப் பெற்றார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விம்பிள்டன் சாம்பியன்களைப் பற்றிக் கேட்டால், கிருஷ்ணனை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல எனக்கு வருவதில்லை.